பிளஸ் டூ வரலாறு பாடநூல்: நவீன இந்தியாவைப் படிக்க எவ்வளவு உதவும்?

தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகத்தின் மேல்நிலை இரண்டாமாண்டு வரலாறு நூல் 2019-ல் புதிய பாடத்திட்டத்தோடு வந்தது. மொத்தம் 15 பாடங்கள். முதல் ஒன்பதும் நவீன இந்தியா. காங்கிரஸ் பிறப்பதற்கு முந்தைய தேசிய உணர்வில் தொடங்கி, நிலச்சீர்திருத்தம், ஐந்தாண்டுத் திட்டங்கள் வரை வருகிறது. பிற்பகுதியின் ஆறு பாடங்கள் நவீன உலகம். பிளஸ் டூவில் வரலாறு எடுத்த மாணவர்களோடு, டிஎன்பிஎஸ்சிக்குத் தயாராகிறவர்களும் அதிகம் புரட்டும் நூல் இது. முதல் ஒன்பது பாடங்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

நேராகவே சொல்லிவிடலாம். இந்திய விடுதலைப் போராட்டத்தையும், விடுதலைக்குப் பின் நாடு கட்டப்பட்ட விதத்தையும் தமிழில் ஒரே கோவையாகப் படிக்க, பள்ளி மாணவர் கைக்கு எட்டும் நல்ல நூல் இது. ஆனால் முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டே போனால் நான்காம் பாடம் தாண்டியதும் குழம்பும். நூல் ஆண்டு வரிசையில் போகாமல் பொருள் வாரியாகப் போவதுதான் காரணம். இதை வகுப்பின் முதல் வாரத்திலேயே யாராவது சொல்லிவிட்டால் பாதிப் பாரம் குறையும்.

முதல் மூன்று பாடங்களில் சிக்கல் இல்லை. தேசியத்தின் எழுச்சி, சுதேசி இயக்கம், முதல் உலகப்போர்க் காலம் என்று காலம் முன்னோக்கியே நகர்கிறது. நான்காம் பாடம் காந்தியோடு சம்பாரணில் (1917) தொடங்கி, ஒத்துழையாமை, உப்புச் சத்தியாகிரகம், பூனா ஒப்பந்தம் எல்லாம் கடந்து 1937 மாகாண அமைச்சரவைகள் வரை போய்விடும். ஐந்தாம் பாடம் மறுபடி 1920-களுக்குத் திரும்பும்: கான்பூர் சதி வழக்கு, மீரட் சதி வழக்கு, பகத்சிங், சூரியா சென், கராச்சி மாநாடு, உலகப் பொருளாதாரப் பெருமந்தம். ஆறாம் பாடம் வகுப்புவாதத்தை எடுத்துக்கொண்டு 19-ஆம் நூற்றாண்டின் இறுதிக்கே போய், 1906 முஸ்லிம் லீக், 1940 லாகூர் தீர்மானம் வழியாக 1946 நேரடி நடவடிக்கை நாளில் வந்து நிற்கும். ஏழாம் பாடம் தனிநபர் சத்தியாகிரகத்துக்கு, அதாவது 1940-க்குப் பின்வாங்கும்.

இப்படிப் பிரித்ததில் நியாயம் இருக்கிறது. புரட்சிகர இயக்கத்தையும் பொதுவுடைமை இயக்கத்தையும் காந்தியின் கதைக்கு நடுவே செருகினால் இரண்டுமே சிதறிப்போகும். ஆனால் ஒரே மாதத்தில் நடந்தவை வெவ்வேறு பாடங்களில் கிடப்பதால், ஒன்று இன்னொன்றை எப்படித் தள்ளியது என்பது மாணவர் கண்ணில் படாது.

1931 மார்ச் மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் 5 காந்தி–இர்வின் ஒப்பந்தம், நான்காம் பாடம். மார்ச் 23 பகத்சிங், ராஜகுரு, சுகதேவ் தூக்கு, ஐந்தாம் பாடம். அதே மாதக் கடைசியில் கராச்சி காங்கிரஸ். காந்தி அங்கே போய் இறங்கியபோது இளைஞர்கள் கறுப்புக்கொடி காட்டினார்கள். ஒப்பந்தம் போட்டும் மூவரின் உயிரைக் காக்கவில்லை என்ற கோபம் அது. அந்தச் சூட்டில் கூடிய மாநாடுதான் ஒப்பந்தத்தை ஏற்றது. அடிப்படை உரிமைகளும் பொருளாதாரத் திட்டமும் பற்றிய தீர்மானத்தையும் நிறைவேற்றியது. பாடம் பாடமாகப் படித்தவர் கராச்சித் தீர்மானத்தைத் தனியாக ஐந்து மதிப்பெண் வினாவாக மனப்பாடம் செய்வார். மூன்றையும் ஒரே வரியில் பார்த்தவருக்கு அந்த மாநாடு ஏன் அப்படி நடந்தது என்று விளங்கிவிடும்.

ஆகவே இந்த நூலோடு கட்டாயம் சேர வேண்டியது ஒரு கால அட்டவணை. கடையில் விற்கும் சார்ட்டு வேண்டாம். கையால் எழுதியதுதான் மனதில் நிற்கும். நீளவாட்டில் ஐந்து பத்தி போடுங்கள்: ஆண்டும் மாதமும், அரசு செய்தது, காங்கிரஸும் பிற இயக்கங்களும் செய்தது, சென்னை மாகாணத்தில் நடந்தது, பாட எண். 1885-லிருந்து 1956 வரை. 1956-ல் நிறுத்தச் சொல்வதற்குக் காரணம், மொழிவாரி மாநிலங்கள் நடைமுறைக்கு வந்ததும் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கியதும் அந்த ஆண்டில்தான். எண்பது வரிக்குமேல் போகவிடாதீர்கள். நூலில் உள்ள எல்லாத் தேதியையும் ஏற்ற ஆரம்பித்தால் அட்டவணை இன்னொரு நோட்ஸாகிவிடும். 1917-லிருந்து 1922 வரையும் 1942-லிருந்து 1947 வரையும் மாதம் கட்டாயம். மற்ற இடங்களில் ஆண்டு போதும். அந்த இரண்டு காலங்களில்தான் வரிசைப்படுத்தும் வினாக்களில் பிள்ளைகள் சறுக்குகிறார்கள். ரௌலட் சட்டம் 1919 மார்ச், நாடு தழுவிய கடையடைப்பு ஏப்ரல் 6, ஜாலியன்வாலாபாக் ஏப்ரல் 13. இந்த மூன்றில் ஒன்றை இடம் மாற்றி எழுதினால் விடை மொத்தமும் தலைகீழாகும். எதற்கு எது எதிர்வினை என்பதே மாறிவிடுகிறது.

அட்டவணைக்கும் ஓர் ஆபத்து உண்டு. பக்கத்துப் பக்கத்தில் இருப்பதெல்லாம் காரணமும் விளைவும் என்று எழுதிவிடத் தோன்றும். 1946 பிப்ரவரி 18-ல் பம்பாயில் கடற்படை வீரர்கள் கிளர்ந்தார்கள். மறுநாள் பிரிட்டிஷ் அரசு அமைச்சரவைத் தூதுக்குழுவை அறிவித்தது. கிளர்ச்சிக்குப் பயந்து ஒரே இரவில் எடுத்த முடிவு என்று விடைத்தாளில் எழுதுகிறார்கள். தூதுக்குழுவை அனுப்பும் முடிவு ஜனவரியிலேயே எடுத்தாகிவிட்டது. அந்தக் குளிர்காலம் முழுக்க இந்திய தேசிய இராணுவ வழக்குகளை ஒட்டி எழுந்த கொந்தளிப்போடு சேர்த்துத்தான் கடற்படைக் கிளர்ச்சியைப் பார்க்க வேண்டும்.

பொருள் வாரிப் பகுப்பு மிகவும் இடறுகிற இடம் தனித்தொகுதி விவகாரம், அதாவது ஒரு சமூகத்தின் பிரதிநிதியை அந்தச் சமூக வாக்காளர் மட்டுமே தேர்ந்தெடுக்கும் முறை. முஸ்லிம்களுக்கு அதைக் கொடுத்த 1909 மிண்டோ–மார்லி சீர்திருத்தம் ஆறாம் பாடத்தில் முக்கியமாகிறது. அதையே காங்கிரஸ் ஒப்புக்கொண்ட 1916 லக்னோ ஒப்பந்தம் மூன்றாம் பாடத்தில். 1932 வகுப்புவாரித் தீர்ப்பும் பூனா ஒப்பந்தமும் நான்காம் பாடத்தில். அதனால் ஆறாம் பாடத்தின் தொடக்கம், மூன்று, நான்கு, மறுபடி ஆறின் பிற்பகுதி என்ற வரிசையில் ஒரு தடவை படித்துவிடுங்கள். இரண்டு மணி நேரம் போதும்.

இதில் மாணவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டிய கேள்விகள் இரண்டே இரண்டு: யார் நிற்கலாம், யார் ஓட்டுப் போடலாம். 1909 ஏற்பாட்டில் முஸ்லிம் உறுப்பினரை முஸ்லிம் வாக்காளர் மட்டுமே தேர்ந்தெடுப்பார். 1919 சட்டத்துக்குப் பின் சென்னை மாகாணத்தில் பிராமணரல்லாதாருக்கு 28 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அங்கே நிற்பவருக்குத்தான் வரம்பு, ஓட்டு எல்லாருக்கும் பொது. 1932 ஆகஸ்ட் 16-ல் பிரதமர் ராம்சே மெக்டொனால்டு அறிவித்த தீர்ப்பு, ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மாகாண சபைகளில் 71 இடம் கொடுத்தது. அந்த இடங்களுக்கு அவர்கள் மட்டுமே வாக்களிப்பார்கள். பொதுத் தொகுதியிலும் அவர்களுக்கு இன்னொரு ஓட்டு உண்டு. எரவாடா சிறையில் காந்தி செப்டம்பர் 20-ல் உண்ணாவிரதம் தொடங்கினார். 24-ஆம் தேதி பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. இடங்கள் 148 ஆயின. சென்னைக்கு 30, வங்காளத்துக்கு 30, பம்பாய்க்குச் சிந்துவோடு சேர்த்து 15, பஞ்சாபுக்கு 8, பீகார்–ஒரிசாவுக்கு 18, மத்திய மாகாணத்துக்கு 20, அசாமுக்கு 7, ஐக்கிய மாகாணத்துக்கு 20. ஆனால் கடைசித் தேர்வு பொது வாக்காளர் கைக்குப் போனது. முதல் கட்டத்தில் ஒடுக்கப்பட்ட வகுப்பு வாக்காளர்கள் நான்கு பேர் கொண்ட பட்டியலைத் தேர்ந்தெடுப்பார்கள்; அந்த நால்வரில் ஒருவரைத் தொகுதியின் எல்லா வாக்காளரும் தேர்ந்தெடுப்பார்கள்.

71 எப்படி 148 ஆனது என்று மட்டும் எழுதிவிட்டு, அம்பேத்கருக்குக் கேட்டதைவிட அதிகம் கிடைத்தது என்று முடிப்பதுதான் விடைத்தாள்களில் வழக்கமாக வரும் தவறு. கூடியது எண்ணிக்கை, போனது தங்கள் பிரதிநிதியைத் தாங்களே முடிவாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை. அம்பேத்கர் பிற்காலத்தில் இந்த ஒப்பந்தத்தை அவ்வளவு கடுமையாக விமர்சித்ததற்குக் காரணம் அதுதான். ஆசிரியர் கரும்பலகையில் இரண்டு கட்டம் போட்டு, தீர்ப்பில் ஓட்டு எங்கிருந்து எங்கே போகிறது, ஒப்பந்தத்தில் எங்கே போகிறது என்று அம்புக்குறி வரைந்து காட்டினால் போதும், பத்து நிமிடத்தில் தெளிந்துவிடும். இன்றைய சட்டமன்றத் தொகுதி ஒதுக்கீடு எங்கிருந்து வந்தது என்பதும் அப்போதே புரியும்: அரசியலமைப்பு தனி வாக்காளர் முறையைக் கைவிட்டது, இட ஒதுக்கீட்டை வைத்துக்கொண்டது.

நூலின் பெரும் பலம், தமிழகத்தைத் தேசிய வரலாற்றின் ஓரத்தில் ஒட்டாமல் உள்ளேயே நெய்திருப்பது. சென்னைவாசிகள் சங்கம் (1852), தி இந்து (1878), சுதேசமித்திரன் (1882), சென்னை மகாஜன சபை (1884) என்று படித்து வந்தபின் 1885 பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸ் மாநாட்டின் 72 பேரில் 22 பேர் சென்னை மாகாணத்தவர் என்ற தகவலைப் பார்த்தால், அந்த 22 பேர் எங்கிருந்து வந்தார்கள் என்ற கேள்வியே எழாது. 1887-ல் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதி மக்கீஸ் தோட்டத்தில் பத்ருதீன் தியாப்ஜி தலைமையில் கூடிய மாநாட்டுக்கு வந்த 607 பேரில் 362 பேர் இந்த மாகாணத்தவர்.

சுதேசிப் பாடமும் அப்படியே. வ.உ.சி.யின் சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனம் (1906) எல்லாருக்கும் தெரிந்த கதை. 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம், மார்ச்சில் வ.உ.சி., சுப்பிரமணிய சிவா கைது, அதைத் தொடர்ந்து மார்ச் 13-ல் திருநெல்வேலி எழுச்சி என்று கப்பலும் ஆலையும் தெருவும் ஒரே கோட்டில் வருவதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. வங்கத்தில் சுதேசி இயக்கம் பெரிதும் படித்த நடுத்தர வர்க்கத்துக்குள் நின்றது. தூத்துக்குடியில் ஆலைத் தொழிலாளி அதில் நுழைந்தார். ‘விரிவான விடை தருக’ பகுதியில் இந்த வேறுபாட்டை ஒரு பத்தியில் எழுதுகிற மாணவர் தனியாகத் தெரிவார்.

உப்புச் சத்தியாகிரகத்தில் தண்டியையும் வேதாரண்யத்தையும் கலந்து எழுதுவது இன்னொரு வழக்கமான பிழை. தண்டி: 1930 மார்ச் 12 சபர்மதியிலிருந்து 78 பேரோடு புறப்பாடு, ஏப்ரல் 5 தண்டி, ஏப்ரல் 6 உப்பு. வேதாரண்யம்: ஏப்ரல் 13 திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் ஏறக்குறைய நூறு பேர், ஏப்ரல் 28 வேதாரண்யம், 30-ல் கைது. தஞ்சை மாவட்டத்தில் தொண்டர்களுக்குச் சோறும் இடமும் தரக்கூடாது என்று மாவட்ட ஆட்சியர் தார்ன் மிரட்டியும் மக்கள் கொடுத்தார்கள். விடையில் இதையும் சேருங்கள். இயக்கம் ஊருக்குள் எப்படி இறங்கியது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

எட்டாம், ஒன்பதாம் பாடங்களைப் பற்றித்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். விடுதலைக்குப் பிந்தைய மறுகட்டமைப்பும் புதிய சமூக–பொருளாதார ஒழுங்கும் இந்த இரண்டில் இருக்கின்றன. வகுப்பறையில் இவைதான் அவசரமாக ஓட்டப்படுகின்றன. காந்தி பாடத்துக்கு மூன்று வாரம், இவற்றுக்கு மூன்று நாள். இன்றைய செய்தித்தாளைப் படிக்கிற பிள்ளைக்கு அதிகம் பயன்படும் பக்கங்கள் இவை என்பதே எங்கள் உறுதியான கருத்து.

பிரிவினை, சமஸ்தான இணைப்பு, அரசியலமைப்பு, மொழிவாரி மாநிலம் ஆகிய நான்கும் ஒரே சமயத்தில் நடந்தன என்பதை எட்டாம் பாடத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். அரசியல் நிர்ணய சபை முதலில் கூடியது 1946 டிசம்பர் 9, அதாவது பிரிவினை முடிவாவதற்கு முன்பே. இந்தியாவையும் பாகிஸ்தானையும் பிரித்த ராட்கிளிஃப் எல்லைக்கோடு வெளியானது 1947 ஆகஸ்ட் 17, விடுதலைக்கு இரண்டு நாள் கழித்து. காஷ்மீர் இணைப்பு அக்டோபரில், ஹைதராபாத் நடவடிக்கை 1948 செப்டம்பரில். அரசியலமைப்பு 1949 நவம்பர் 26-ல் ஏற்கப்பட்டது. மொழிவாரி மாநிலக் கோரிக்கையைத் தார் ஆணையமும் (1948) அடுத்து நேரு, படேல், பட்டாபி சீதாராமையா மூவர் குழுவும் ஏன் தள்ளிப்போட்டன என்று கேட்டால் பல பிள்ளைகளுக்கு விடை தெரியாது. மேலே சொன்ன தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மத அடிப்படையில் நாடு பிளந்த காயம் ஆறாதபோது மொழி அடிப்படையில் இன்னொரு பிளவு வந்துவிடுமோ என்ற அச்சம் அங்கே தெரியும். தனி ஆந்திர மாநிலம் கேட்ட பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15-ல் உண்ணாவிரதத்தில் உயிர்நீத்தார். ஆந்திரம் 1953 அக்டோபர் 1. மாநில எல்லைகளை ஆராய்ந்த பசல் அலி ஆணையம். 1956 நவம்பர் 1-ல் மாநில மறுசீரமைப்பு. கன்னியாகுமரியும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்த நாளும் அதுவே.

ஒன்பதாம் பாடத்தில் நிலச்சீர்திருத்தப் பகுதி கொஞ்சம் வறட்சியாகத் தோன்றும். உள்ளூர் விவரம் சேர்த்தால் உயிர் வரும். சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்பு 1948 சட்டத்தில் வந்தது. 1961 நில உச்சவரம்புச் சட்டம் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) என்றது. 1970-ல் அது 15 ஆனது. ஜமீன்தாரி நீக்கம், குத்தகைச் சீர்திருத்தம், உச்சவரம்பு ஆகிய மூன்றில் முதலாவது ஓரளவு நிறைவேறி, மூன்றாவது ஏன் தடுமாறியது என்பதுதான் மையக் கேள்வி. முதலாவதில் அரசு எதிர்த்து நிற்க வேண்டியிருந்தவர்கள் எண்ணிக்கையில் குறைவு, ஆங்கிலேயருக்கு ஆதரவாக இருந்தவர்கள் என்ற பெயரும் அவர்களுக்கு இருந்தது. உச்சவரம்பு வந்தபோதோ நிலத்தை உறவினர்கள் பெயரில் பிரித்து எழுத நேரம் இருந்தது, விதிவிலக்குகளும் இருந்தன. தொழில் பகுதிக்கு இரண்டாம் திட்டம் (1956–61), அதன் மாதிரியை வகுத்த மகலனோபிஸ், மூன்று உருக்காலைகள் போதும்: பிலாய் சோவியத் உதவி, ரூர்கேலா மேற்கு ஜெர்மனி, துர்காபூர் பிரிட்டன். இரு முகாம்களிலிருந்தும் உதவி வாங்கியதை எட்டாம் பாடத்து அணிசேராக் கொள்கையோடு இணைத்து எழுதலாம். நூல் இரண்டையும் தனித்தனியே விட்டிருக்கிறது.

குறையும் உண்டு. 1975–77 அவசரநிலைக்கோ மாநிலக் கட்சிகளின் எழுச்சிக்கோ தனிப் பாடம் இல்லை. ‘நவீன இந்தியா’ என்று படித்து முடிக்கிற பிள்ளைக்குப் பெற்றோரின் காலமே தெரியாமல் போகிறது. பிளஸ் டூ அரசியல் அறிவியல் நூலையும் கூடவே வைத்துக்கொள்வது நல்லது.

மூல ஆவணங்களும் நூலில் போதாது. காந்தி என்ன சொன்னார், அம்பேத்கர் என்ன சொன்னார் என்று நூலாசிரியர்களின் குரலில்தான் பெரும்பாலும் வருகிறது. ஒரு பாடத்துக்கு ஓர் ஆவணம் என்று ஆசிரியர் வகுப்பில் வாசித்தால் போதும். பூனா ஒப்பந்தம் ஒன்றிரண்டு பக்கம்தான். அரசியல் நிர்ணய சபை விவாதங்கள் இணையத்தில் இலவசம். 1949 நவம்பர் 25 அம்பேத்கர் உரையின் கடைசிப் பகுதி அரை வகுப்பில் முடியும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் அந்தக் காலத் தமிழ் இதழ்கள் கிடைக்கின்றன.

தேர்வைப் பொறுத்தவரை எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. ஒரு மதிப்பெண் 20. இரண்டு மதிப்பெண் பத்தில் ஏழு. மூன்று மதிப்பெண் பத்தில் ஏழு. ஐந்து மதிப்பெண் ஏழு, ஒவ்வொன்றும் ‘அல்லது’ தெரிவோடு. இரண்டு, மூன்று மதிப்பெண் பகுதிகளில் ஒரு வினா கட்டாயம் என்பதால் பாடங்களை விட்டுவிட்டுப் படிக்கிற கணக்கு அங்கே கவிழும். கைடு வாங்குவதானால் ரிவிஷனுக்கு மட்டும். பயிற்சி வினாக்களுக்கு விடை கொடுக்கிற கைடுகள் பாடத்தின் உள்ளேயிருந்து எடுக்கும் ஒரு மதிப்பெண் வினாக்களுக்குக் கைகொடுக்காது. கூற்று–காரணம் வினாக்களுக்கோ பாட வரியைப் படித்தே ஆக வேண்டும். ஐந்து மதிப்பெண் விடையில் தலைப்புகளை மட்டும் அடுக்கிவைத்துவிட்டு வாக்கியமே எழுதாமல் போவதும் கைடு கொடுத்த பழக்கம்தான்.

அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் நூல் இலவசம். மற்றவர்கள் கழகத்தின் விற்பனையகத்தில் வாங்கலாம், அல்லது இணையதளத்தில் பிடிஎஃப் இறக்கிக்கொள்ளலாம். தமிழ்வழிப் பிடிஎஃபில் சொல்லைத் தட்டித் தேடினால் பெரும்பாலும் சிக்காது, எழுத்துரு அப்படி. ஆங்கிலவழிப் பிடிஎஃபில் பெயரைத் தேடி, எந்தப் பாடம் எந்தத் துணைத்தலைப்பு என்று பார்த்துக்கொண்டு தமிழ் நூலில் அதே இடத்துக்குப் போங்கள். பக்க எண் ஒத்துவராது, தலைப்பு ஒத்துவரும். பழைய புத்தகக் கடையில் வாங்குகிறவர்கள் உள்பக்கத்தில் பதிப்பு ஆண்டைப் பாருங்கள். 2019 முதல் பதிப்புக்குப் பின் திருத்திய பதிப்புகள் வந்திருக்கின்றன, பொதுத்தேர்வு எழுதுகிறவர் கையில் கடைசிப் பதிப்பு இருக்க வேண்டும். டிஎன்பிஎஸ்சிக்கு மட்டும் படிக்கிறவர்கள் முதல் ஒன்பது பாடங்களை முழுதாக முடித்துவிட்டுப் பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் நூலுக்குப் போகலாம். தமிழகச் சமூக சீர்திருத்த இயக்கங்களுக்கு அங்கே தனிப் பாடம் உண்டு.